ஆறாம் பக்கத்துக் கால்மிதி

எல்லாவற்றுக்கும் காரணம் முதலாளியின் சம்பந்தியம்மாதான். மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சம்பந்தி வீட்டில் விருந்து. "ஆன்லைன்ல கால்மிதி விக்கிறேன், எங்கெங்கேயோ போகுது" என்று முதலாளி சாப்பாட்டு மேசையில் அளந்துகொண்டிருந்தார். சம்பந்தியம்மா சாதுவாக மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் 'வழுக்காத கால்மிதி' என்று தட்டித் தேட ஆரம்பித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். பேச்சு கால்மிதியிலிருந்து வீட்டு வாடகைக்குப் போய், அங்கிருந்து யாருடைய மூட்டுவலிக்கோ போய், எல்லோரும் கைகழுவி வந்து உட்கார்ந்த பிறகும் அந்த அம்மாளின் விரல் மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

"ஆறாவது பக்கத்துல இருக்கீங்க சம்பந்தி" என்றார் கடைசியில், தொலைந்த குழந்தையைத் தேடிக் கொடுத்த நிம்மதியோடு. "பரவால்ல, இருக்கீங்க."

அந்தப் 'பரவால்ல' முதலாளியின் நெஞ்சில் தைத்துக்கொண்டது. மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்தவர், வணக்கம் சொன்ன ரைட்டரம்மாவிடம், "ஏம்மா, நாம ஏன் ஆறாவது பக்கத்துல இருக்கோம்?" என்று கேட்டார், என்னவோ அவள்தான் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வந்ததுபோல.

ரைட்டரம்மா என்பது அவள் பேரல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. முப்பத்து நாலு வயது. கடையில் உள்ள நாற்பத்தாறு கால்மிதிகளைப் பற்றியும் இணையப் பக்கத்தில் வர்ணித்து எழுதியவள் அவள்தான். 'மென்மை' என்பதை நாற்பத்தாறு விதமாகச் சொல்லிக் களைத்த கை. அலுவலகத்தில் அவளைத் தவிர மச்சான் இருந்தார். முதலாளியின் மனைவியுடைய தம்பி. கீழ்த்தளத்தில் பொருளைக் கட்டி அனுப்புகிற வேலை. முதலாளி 'மச்சான்' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பார்சல் எடுக்க வருகிற வண்டிக்காரர்கள்கூட அவரை மச்சான் என்றே கூப்பிட்டார்கள். ரைட்டரம்மா மட்டும் 'அண்ணா' என்பாள். அதில் அவருக்கு ஒரு தனி மரியாதை.

ஆறாம் பக்க வியாதிக்கு வைத்தியம் பார்க்க ஓர் ஆலோசகர் வந்தார். வந்தார் என்றால் திரையில் வந்தார். முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரிய புத்தக அலமாரி தெரியும். அவர் தலையைச் சாய்த்தால் அலமாரியும் சேர்ந்து நெளியும். இன்ன மாதம் இந்தப் பக்கம், இன்ன மாதம் இந்த இடம் என்று கணித்துச் சொல்வதால் மச்சான் அவருக்கு ஜோசியர் என்று பேர் வைத்தார்.

"நான் நல்லவன்னு நீங்களே சொன்னா யாராவது நம்புவாங்களா? நாலு பேர் சொல்லணும்" என்று ஜோசியர் விளக்கினார். "தேடுபொறியும் அப்படித்தான். மத்தவங்க தளத்துலேர்ந்து உங்க கடைக்கு ஒரு லிங்க் வந்தா, அது உங்களுக்காக ஒருத்தர் சாட்சி சொல்ற மாதிரி. பெரிய தளம்னா பெரிய சாட்சி. எத்தனை சாட்சி சேருதோ அத்தனை மேல போவீங்க. இதுக்குப் பேர்தான் பேக்லிங்க்."

"நாலு பேர் நல்லா சொல்லணும்னா கால்மிதி நல்லா இருக்கணும்ல?" என்றார் மச்சான்.

ஜோசியர் சிரித்தார். அலமாரி நெளிந்தது. "அது வேற டிபார்ட்மென்ட் சார்."

ஜோசியருக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டியதை எங்கிருந்து எடுப்பது என்று குழம்பிய முதலாளிக்கு, ஒரு கால்மிதியைத் திருப்பிப் போட்டதும் விடை கிடைத்துவிட்டது. அடிப்பக்கம் முழுக்க ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பை நிறுத்தினார். அதற்குப் பதில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று சட்டைப் பொத்தான் அளவுக்கு ஐந்து ரப்பர் பொட்டு. "யாரு திருப்பிப் பாக்கப் போறா?" என்றார். மச்சான் எதையோ சொல்ல வாயெடுத்து, அக்காள் முகத்தை நினைத்து மூடிக்கொண்டார்.

ரைட்டரம்மாவின் வேலை மாறியது. நாள் ஒன்றுக்கு நாற்பது கடிதம். தளம் நடத்துகிறவர்கள் யார் யாரென்று ஜோசியர் பட்டியல் அனுப்புவார். கடிதத்தின் வாசகத்தையும் அவரே கொடுத்திருந்தார். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கட்டுரையைத் தற்செயலாகப் படித்தேன். கண்கள் கலங்கின. இப்படியும் எழுத முடியுமா என்று வியந்தேன். அதில் எங்கள் கடைக்கும் ஓர் இணைப்புக் கொடுத்தால் தங்கள் வாசகர்கள் பயனடைவார்கள்.' படிக்கவெல்லாம் நேரமில்லை. கண் கலங்கியதை நாற்பது பேருக்குச் சொல்லி முடிக்கவே சாயங்காலம் ஆகிவிடும்.

பெரும்பாலும் பதிலே வராது. மோட்டார் பம்ப் பழுதுபார்ப்பது எப்படி என்று எழுதியிருந்த ஒருவர் மட்டும், 'வால்வு மாற்றுவதைப் படித்து ஏன் அழுதீர்கள்? வீட்டில் ஏதும் பிரச்சினையா?' என்று அக்கறையாகக் கேட்டிருந்தார்.

மூன்று மாதத்தில் தேறிய இணைப்புகள் நாலு. ஒன்று, வழுக்கைத் தலைக்குத் தைலம் விற்கும் தளம். 'வழுக்கு' என்ற சொல்லில் ஏதோ குழப்பம் நடந்திருக்க வேண்டும். இரண்டாவது, குதிரை வாங்க விற்க. மூன்றாவது எந்த மொழி என்றே யாருக்கும் தெரியவில்லை. சூதாட்டச் சீட்டுப் படம் மட்டும் இருந்தது. நாலாவது, ஒன்பது வருஷமாகக் கவிதை எதுவும் ஏறாத ஒரு கவிதைத் தளம். கடை ஆறாம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கத்துக்குப் போயிருந்தது.

"மேல போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ போகும்" என்றார் ஜோசியர். "ராக்கெட் மாதிரி."

"ராக்கெட் கீழ போகாதுங்களே" என்றார் மச்சான்.

முதலாளி மச்சானை ஒரு பார்வை பார்த்தார். கூட்டம் அத்துடன் முடிந்தது.

அந்த வாரப் பட்டியலில்தான் 'விழுந்தோர் பதிவேடு' வந்தது. ஜோசியர் அதன் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார். அதே ஊரின் பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற ஒருவர் பன்னிரண்டு வருஷமாக நடத்தும் தளம். கை ஒடிந்து, கால் ஒடிந்து வருகிறவர்களிடம், படம் எடுப்பதற்கு முன்னால், "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்பார். பேர் ஊர் இல்லாமல் அதை எழுதிவைப்பார். நாலாயிரம் விழுதல்கள் சேர்ந்திருந்தன. கட்டடம் கட்டுகிறவர்கள், மருத்துவக் கல்லூரிகள், செருப்புக் கம்பெனிகள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். அவரோ அதில் ஒரு விளம்பரம்கூடப் போட்டதில்லை.

"அங்கேர்ந்து ஒரே ஒரு லிங்க் வந்தாப் போதும்" என்று ஜோசியர் சொல்லியிருந்தார். "நூறு குதிரைக்குச் சமம்."

ரைட்டரம்மா வழக்கம்போல் கண் கலங்கி ஒரு கடிதம் அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

'வணக்கம். என் பதிவைப் படித்துக் கண் கலங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பதிவு என்று எண்ணைக் குறிப்பிட முடியுமா? கலங்கும்படி எதையும் எழுதக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன். அப்படி இருந்தால் திருத்திவிடுவேன்.'

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கேலி இல்லை, கோபம் இல்லை. மனிதர் நிஜமாகவே கேட்கிறார். ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம் என்று தளத்தைத் திறந்தாள்.

'எண் 1,442. வயது 51. வங்கிக் காசாளர். இடது கணுக்கால். செருப்புக் கடை. கடைக்காரர் "நடந்து பாருங்க" என்றார். நடந்தார்.'

'எண் 1,790. வயது 29. காதலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும் முயற்சி. மூன்றாம் படி. இருவருக்கும் தனித்தனியே படம் எடுக்கப்பட்டது. தனித்தனியே வீட்டுக்குச் சென்றனர்.'

அன்று நாற்பது கடிதமும் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டபடி விழுந்தவர்களைப் படித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கத் தொடங்கினாள். மூன்றாம் நாள் அவள் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது.

'எண் 2,316. வயது 38. லிஃப்ட் மெக்கானிக். இடது மணிக்கட்டு. மச்சினியின் திருமண வரவேற்பில் ஆடுவதற்காகக் குளியலறைக் கண்ணாடி முன் பயிற்சி. சோப்புத் தண்ணீர். சுற்றிய சுற்று: ஒன்றரை. மனைவியிடம் வேறு காரணம் சொல்லப்போவதாகத் தெரிவித்தார். நல்ல காரணம் ஒன்று சொல்லும்படி கேட்டார். சொல்லவில்லை.'

ரைட்டரம்மாவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் ஒரு வயதான தம்பதி மாட்டிக்கொண்டார்கள், ஏணியில் தொங்கியபடி அவர்களைத் தூக்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தார். அவள் அந்தக் கதையைத் தன் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். சித்தப்பா பழக்கூடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். கல்யாண மேடையில் மாப்பிள்ளை வீட்டார் அவரைத் தனியே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, அந்த வயசான தம்பதி இப்ப எப்படி இருக்காங்க?"

"எந்தத் தம்பதி?"

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க. நீங்க தூக்கிவிட்டீங்களே."

"ஓ, அவங்களா? நல்லா இருக்காங்க. அன்னிக்குக்கூடப் பாத்தேன். கும்பிட்டாங்க."

"ஒண்ணரைச் சுத்துக்கே கும்பிட்டாங்கன்னா, ரெண்டு சுத்து முழுசா சுத்தியிருந்தா கால்லயே விழுந்திருப்பாங்க போல."

அவர் சட்டை மாட்டியை விட்டு நகரவில்லை. முதுகு மட்டும் சிவந்ததுபோல் அவளுக்குத் தோன்றியது. சுவரைப் பார்த்தபடியே, "அந்த ரெண்டாவது சுத்துதான் கஷ்டம்" என்றார். அவள் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைக்கத் துடைக்க வழிந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக எக்ஸ்ரேக்காரருக்கு எழுதினாள். மூன்று மாதத்தில் அவள் எழுதிய முதல் சொந்தக் கடிதம் அது. 'எண் 2,316 என் கணவர். நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது நிஜமாகவே கண் கலங்கியது.'

உண்மையைச் சொன்ன திருப்தியோடு அனுப்பினாள். அது அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேரும் என்று யோசிக்கவில்லை.

பதினொரு மணிக்கு, கடிதத்தின் அடியிலிருந்த முகவரியைத் தேடிக்கொண்டு, அலுவலகக் கதவில் ஒருவர் வந்து நின்றார். ஒல்லியான ஆள், கழுத்தில் மருத்துவமனை அட்டை, முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், லிங்க் போட்டுடறேன்" என்றார் உட்காராமலே. "எத்தனை வேணும்னாலும் போட்டுடறேன். ஆஸ்பத்திரியில மட்டும் புகார் கொடுத்துடாதீங்க. பேர் போடலைன்னா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். லிஃப்ட் மெக்கானிக்குன்னு போட்டது என் தப்புதான்."

அவளுக்கு விஷயம் பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. பிடிபட்டதும் பதறிப்போனாள். "ஐயோ சார்! நான் மிரட்டலை சார்! சிரிச்சு சிரிச்சு நெஜமாவே கண்ல தண்ணி வந்துச்சு சார், அதைத்தான் எழுதினேன்!"

அதற்குள் உள்ளறைக் கதவு திறந்து முதலாளி வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவளைத் தாண்டும்போது காதோரம் குனிந்து, "ஏம்மா, இப்படி ஒரு வழி இருக்குன்னு இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று கிசுகிசுத்துவிட்டு, வந்தவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க சார், வாங்க. லிங்க் போடறேன்னு ஏதோ சொன்னீங்களே?"

"சார், அவர் போட வேண்டாம்" என்றாள் ரைட்டரம்மா. தன் குரல் அவ்வளவு உரத்து வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "பயந்துக்கிட்டு போட வேண்டாம். யார் மேலயும் புகார் கிடையாது. எங்க வீட்டுக்காரர் பதிவை மட்டும், வேலை என்னன்னு இல்லாம மாத்திடுங்க, போதும்."

எக்ஸ்ரேக்காரருக்கு மூச்சு வந்தது. நாற்காலியை இழுத்து, கால் நாலும் சரியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பயம் போனதும் மனிதருக்குத் தொழில் நேர்மை திரும்பிவிட்டது. "என் பதிவேட்டுல ஒரு பொருளைப் பத்தி வரணும்னா, அதால யாராவது விழுந்திருக்கணும். இல்ல, விழாம நின்னதை என் கண்ணால பாத்திருக்கணும். சும்மா எல்லாம் போட முடியாது சார்."

"இப்பவே பாருங்களேன்!" என்றார் முதலாளி.

வாளியில் தண்ணீர் வந்தது. வழவழவென்ற தரையில் அரை வாளி ஊற்றப்பட்டது. முதலாளி அலமாரியிலிருந்து நீலக் கால்மிதி ஒன்றை உருவி நடுவில் விரித்தார்.

"அத்தான்," என்றார் வாசலில் நின்றிருந்த மச்சான். "அது புதுச் சரக்கு. அடியில பொட்டுதான்…"

"நீ சும்மா இருடா."

நடந்துபோய் நின்றிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் நடப்பதில் என்ன காட்சி இருக்கிறது? முதலாளி சுவர் வரை பின்னால் போனார். வேட்டைக்குப் போகிறவர்போல் முழுக்கையை மடக்கிவிட்டுக்கொண்டார். ஐம்பத்தேழு வயதில் ஓடி வந்து, இரண்டு காலையும் சேர்த்துக் கால்மிதியின் மேல் குதித்தார்.

கால்மிதி அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மச்சானைத் தாண்டி, ரைட்டரம்மாவின் மேசையைத் தாண்டி, தண்ணீர்க் குடுவையையும் தாண்டிப் போனது. கோப்பு அலமாரிக்கு ஒரு முழம் முன்னால் கால்மிதி ஒரு பக்கமும் முதலாளி ஒரு பக்கமுமாகப் பிரிந்தார்கள்.

"அசையாதீங்க!" எக்ஸ்ரேக்காரர் அவர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். எப்போது போனார் என்றே தெரியவில்லை. மணிக்கட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எந்தக் கால் முதல்ல போச்சு சார்? ஞாபகம் இருக்கும்போதே சொல்லிடுங்க."

மருத்துவமனைக்கு ரைட்டரம்மாவும் கூடப் போனாள். எக்ஸ்ரே மேசையில் வலியோடு படுத்திருந்தபோதும் முதலாளி விடவில்லை. "சார், விழுந்தாச்சு இல்ல? அப்ப பதிவேட்டுல வரும் இல்ல?"

"வரும் சார். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், இது கைக்குத்தான்."

"லிங்க்கோட?"

"காரணம் ஒரு பொருளா இருந்தா அது எந்தப் பொருள்னு காட்டணும். அதுக்கு உங்க சம்மதம் வேணும். ஆனா, நல்லதா வராது சார்."

"அதெல்லாம் அந்தத் தேடுற மெஷினுக்குத் தெரியாது" என்றார் முதலாளி. இடக்கையால் கையெழுத்துப் போட்டார்.

'எண் 4,019. வயது 57. கால்மிதி விற்பனையாளர். வலது மணிக்கட்டு, இரண்டு இடங்களில். தம் கடையின் வழுக்காத கால்மிதி வழுக்காது என்று நிரூபிக்கும் முயற்சி. ஓடிவந்தார்.'

'வழுக்காத கால்மிதி' என்ற இரண்டு சொல்லைத் தட்டினால் நேராகக் கடைக்குப் போகும்.

ஒருவர் சிரித்து இன்னொருவருக்கு அனுப்பினார். அவர் பத்துப் பேருக்கு அனுப்பினார். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிற ஒருவர் வகுப்பில் போட்டுக் காட்டினார். கண்ட தளமெல்லாம் கடைக்கு இணைப்புக் கொடுத்தது. முதலாளி சொன்னது சரிதான். புகழ்கிறார்களா திட்டுகிறார்களா என்று தேடுபொறி பார்க்கவில்லை, எத்தனை பேர் கையை நீட்டுகிறார்கள் என்று மட்டும் எண்ணியது. மூன்றே வாரத்தில் ஒன்பதாம் பக்கத்திலிருந்து முதல் பக்கம், முதல் இடம்.

ஜோசியர் திரையில் வந்து, "நான்தான் சொன்னேனே, ராக்கெட்னு" என்றார். சம்பந்தியம்மா தாமாகவே அழைத்தார். "முதல்லயே இருக்கீங்க சம்பந்தி! விழுந்துட்டீங்களாமே?"

முதலாளி கட்டுப்போட்ட கையோடு அலுவலகத்துக்கே கேக் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஆர்டருக்காகக் காத்திருந்தார்.

ஆர்டர் வரவில்லை. கேள்விகள் வந்தன. ஒரே நாளில் இருநூறு. எல்லாம் ஒரே கேள்வி: 'இதுதானா அது?' நண்பனுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்ப முடியுமா என்று சிலர் கேட்டார்கள். மாமியாருக்கு அனுப்ப முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"என்ன பதில் போடட்டும் சார்?" என்றாள் ரைட்டரம்மா.

"இது அது இல்லன்னு போடு."

"லிங்க்கைத் தட்டினா நேரா இதுக்குத்தான் சார் வர்றாங்க."

"அவர்கிட்டச் சொல்லி லிங்க்கை எடுத்துடலாமா?"

"எடுத்தா மறுபடி ஒன்பதாவது பக்கம்."

மச்சான் கீழே போனார். திரும்பி வந்து, பழைய ரப்பர் விரிப்பில் ஒரு துண்டை வெட்டி மேசைமேல் வைத்தார்.

"யார் திருப்பிப் பாக்கப் போறாங்கன்னு கேட்டீங்களே சார்," என்றாள் ரைட்டரம்மா. "இப்ப எல்லாரும் திருப்பித்தான் பாப்பாங்க."

அந்த மாதத்தோடு ஜோசியரின் அலமாரி திரையிலிருந்து போயிற்று. ரப்பர் திரும்பி வந்தது. இருநூறு பேருக்கும் ரைட்டரம்மா உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'அதேதான். எங்கள் முதலாளி விழுந்தது இதில்தான். அடியில் ரப்பரை எடுத்திருந்தோம், திரும்ப வைத்துவிட்டோம். படம் இணைத்திருக்கிறேன்.' திருப்பிப்போட்ட கால்மிதியின் படம். முப்பது பேர் வாங்கினார்கள். அடுத்த வாரம் எண்பது பேர்.

ரப்பர் வைத்துப் புதிதாக வந்த கால்மிதி ஒன்றை எக்ஸ்ரேக்காரருக்கு அனுப்பிவைத்தாள். பத்து நாள் கழித்து 4,019-க்குக் கீழே அவர் இரண்டு வரி சேர்த்திருந்தார். முதலாளி அதைத் தானே படிப்பேன் என்று அவளுடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"'ரப்பர் வைத்த பின் ஈரத் தரையில் பதினொரு முறை சோதித்தேன். வழுக்கவில்லை.'" அவர் மேசையை இடக்கையால் தட்டினார். "போடும்மா! கொட்டை எழுத்துல முதல் பக்கத்துல போடு!"

"இன்னொரு வரி இருக்கு சார்."

"அதை விடு."

அவள் விடவில்லை. இரண்டு வரியையும் ஒரே அளவு எழுத்தில் போட்டுவிட்டு, ஒரு கால்மிதியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். மச்சான் பார்சலுக்குப் பசைநாடா ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஓரம் மடங்குதாம். தடுக்கி விழ வாய்ப்பு இருக்குன்னு எழுதியிருக்கார்."

மச்சான் வாங்கி ஓரத்தை விரலால் மடக்கிப் பார்த்தார். மடங்கியது. நிமிர்த்தி விட்டார். மறுபடி மடங்கியது.

"இன்னொரு வரிசை தையல் போட்டா நிக்கும்மா" என்றார். "நூலை எடு, ஒண்ணு போட்டுப் பாப்போம்."